அரைப் பரப்பு நிலம்

இங்கிலாந்தில் நான் இருக்கும் பகுதியின் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தபோது, அலொட்மென்ட் நிலத்துக்கு நான் பெயரைப் பதிந்து நான்கு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. ஒரு துண்டு நிலம் காலியாகியிருக்கிறது, வேண்டுமானால் இரண்டு கிழமைக்குள் பதில் எழுதுங்கள் என்றிருந்தது. அளவு 5 ரொட், ஆண்டு வாடகை 64 பவுண், தண்ணீரும் அதற்குள் அடக்கம்.

5 ரொட் எவ்வளவு என்று மகள் கைபேசியில் தேடினாள். ரொட்டுக்கு 'பேர்ச்' என்றும் ஒரு பெயர் உண்டு என்று அவள் வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இலங்கையில் இன்றும் காணி விற்பது பேர்ச் கணக்கில்தான். ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீட்டர். 10 பேர்ச் சேர்ந்தால் எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்பு. 16 பரப்பு ஒரு ஏக்கர். இங்கிலாந்தில் ஒரு முழு அலொட்மென்டின் வழக்கமான அளவு 10 ரொட். அப்படியென்றால் அதுவும் சரியாக ஒரு பரப்பு! எனக்குக் கிடைத்தது அரைப் பரப்பு.

1990 ஆனி மாதம் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து போரால் இடம்பெயர்ந்தபோது நாங்கள் விட்டுவந்தது எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம். அதன் பிறகு வாடகை வீடு, மாடிக் குடியிருப்பு என்றே காலம் போயிற்று. அந்த அரைப் பரப்புக் கடிதத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அலொட்மென்ட் என்றால் என்ன என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: பெரிய வெளி ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, வீட்டில் தோட்டம் வைக்க வழியில்லாதவர்களுக்கு கவுன்சில் குறைந்த வாடகைக்குக் கொடுப்பது. அங்கே வீடு கட்ட முடியாது. விளைச்சலை வைத்து வியாபாரம் நடத்தவும் முடியாது. முக்கியமாக நம் குடும்பம் உண்ணக் காய்கறியும் பழமும் பயிரிட வேண்டும் என்று 1922ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

இந்த நிலம் ஏழைகளுக்கு இரக்கத்தால் மட்டும் கிடைத்ததில்லை. கிராமத்தார் பொதுவில் பயன்படுத்திய மேய்ச்சல் நிலங்கள் வேலி போட்டுத் தனியார் சொத்தாக்கப்பட்டன. உழைப்பவனுக்குக் கீரை போடக்கூட இடமில்லாமல் போயிற்று. அந்தக் குறைக்கு ஈடாக எழுந்த கோரிக்கைதான் கடைசியில் சட்டமானது. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் ஊரில் வாக்காளர்களோ கவுன்சில் வரி செலுத்துபவர்களோ ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் கவுன்சில் அதைக் கருத்தில் எடுத்தாக வேண்டும். தேவை இருந்தால் நிலம் ஒதுக்க வேண்டும். உள் லண்டன் கவுன்சில்களுக்கு மட்டும் இந்தக் கடமை இல்லை. அலொட்மென்டுக்கென்றே வாங்கிய நிலத்தை அமைச்சரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்று 1925இல் இன்னொரு காப்பும் வந்தது. இரண்டாம் உலகப்போரில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டு உணவு வருவது குறைந்தபோது பூங்காக்கள்கூடத் தோட்டங்களாயின. அப்போது சுமார் 14 லட்சம் துண்டுகள் இருந்தன. இன்று இருப்பவை சுமார் 3 லட்சம். நான்கு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது ஏன் என்பதற்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

பங்குனியில் சாவியை வாங்கிப் போய்ப் பார்த்தேன். இடுப்பளவு முட்புதர். அதற்குள் ஒரு துருப்பிடித்த கட்டில் சட்டம், உடைந்த கண்ணாடி. எனக்குத் தோட்டம் தெரியும் என்ற நம்பிக்கை இருந்தது. ஐயாவோடு துலா மிதித்தவன், வெங்காயத்துக்குப் பாத்தி கட்டியவன். இரண்டு கிழமையில் கால்வாசி நிலத்தை வெட்டித் துப்புரவாக்கினேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஊரில் ஈரமான செம்மண்ணைக் கொத்துவதுபோலவே கொத்திப் போட்டேன்.

வைகாசியில் அந்த மண் செங்கல்லாகிக் கிடந்தது. விதைத்த கரட்டில் பத்து முளைகூட வரவில்லை.

பக்கத்துத் துண்டுக்காரர் ஜமெய்க்காவில் பிறந்தவர், முப்பது வருடமாக அங்கே பயிர் செய்பவர். ஒன்றும் பேசாமல் என் மண்ணில் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் வைத்துப் பென்சில் பருமனுக்கு உருட்டினார். அதை வளைத்து மோதிரம்போல் இரண்டு முனைகளையும் சேர்த்தார். உடையவில்லை. லண்டன் களிமண் இதுதான் என்றார். நம் செம்மண்ணை அப்படி உருட்டினால் வளைக்க முன்பே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கீழே சுண்ணாம்புக் கல், ஊற்றிய தண்ணீர் உடனே இறங்கிவிடும். அதனால் எங்கள் கவலையெல்லாம் தண்ணீர் இறைப்பதில் இருந்தது. களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது அதை மிதித்தாலும் வெட்டினாலும் மண்துகள்கள் நெருங்கி ஒட்டி, காற்றுப் போகும் துளைகள் அடைபட்டுவிடும். பிறகு வெயிலில் அது கல்தான்.

அன்றிலிருந்து பாத்தியின் அகலம் நாலடியைத் தாண்டுவதில்லை. இரண்டு பக்கமும் நின்று எட்டி வேலை செய்யலாம், உள்ளே கால் வைக்கத் தேவையில்லை. இலை உதிர்காலத்தில் நாலு விரல் கனத்துக்கு மக்கிய உரத்தைப் பரப்பி விடுகிறேன். மண்புழுவும் உறைபனியும் குளிர்காலம் முழுக்க எனக்காக உழுகின்றன. நான்காம் வருடம் மண் கையில் உதிரத் தொடங்கியது.

களையில் இங்குள்ள எமன் பைண்ட்வீட் என்ற கொடி. மண்ணுக்குள் வெள்ளை நூல்போல ஓடும். ஒரு விரல்கணுத் துண்டு விடுபட்டாலும் அதிலிருந்து புதுக்கொடி எழும். நம் ஊர்க் கோரையோடு போராடியவர்களுக்கு இது விளங்கும். உழவு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் முடிக்கலாமே என்று தோன்றும். செய்யவேண்டாம், ஒரு வேரை நூறாக நறுக்கி நாமே நட்டதாகிவிடும். முதல் வருடம் கால்வாசி நிலத்தில் மட்டும் பயிர் செய்யுங்கள். மிச்சத்தை மட்டைப்பெட்டி விரித்து, மேலே கறுப்பு விரிப்பால் மூடிவிடுங்கள். வெளிச்சம் இல்லாமல் புல்லும் முள்ளும் சோர்ந்துவிடும். மூடிவைக்கும் பகுதி தரிசு என்று கணக்காகாதபடி கவுன்சிலுக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் வருடம் வேறொரு பாடம். ஒரு குதிரை லாயத்திலிருந்து எரு வாங்கிப் போட்டேன். தக்காளிக் குருத்துகள் பன்னம்போலச் சுருண்டன, அவரையும் அப்படியே. குதிரை தின்ற புல்லில், அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் அமினோபைரலிட் என்ற மருந்து தெளிக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அது குதிரையின் வயிற்றைக் கடந்து, எருவிலும் தங்கி, பயிரைத் தாக்கும். இப்போது எந்த எருவையும் ஒரு சட்டியில் போட்டு, வெறும் மண் உள்ள இன்னொரு சட்டியையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அவரை விதைத்து ஒரு மாதம் பார்த்த பிறகே நிலத்துக்குக் கொண்டுபோகிறேன்.

மூன்றாவது எதிரி வானத்திலிருந்து வரும். உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கருக்கும் பிளைட் நோய். 1845இல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதுதான். தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் நோய்க்குக் கதவு திறந்தாயிற்று. நான் சீக்கிரம் விளையும் உருளைக்கிழங்கைப் பங்குனிக் கடைசியில் நட்டு, ஆடிக்குள் கிண்டி எடுத்துவிடுகிறேன். பிந்தினால் கொடியை வெட்டி அகற்றி, இரண்டு கிழமை பொறுத்துக் கிழங்கு எடுப்பேன்.

நல்லதையும் சொல்லவேண்டும். வைகாசிப் பனி முழுதாக ஓய்ந்த பிறகு தூவிய முளைக்கீரை, ஆடியில் முழங்காலளவு நிற்கும். முதல் பிடியைப் பக்கத்துத் துண்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தன் பாத்தியைக் காட்டினார். அங்கேயும் கீரை. அவர்கள் ஊரில் அதற்குக் கலலூ என்று பெயர். நாங்கள் தேங்காய்ப்பால் விட்டுக் கடைகிறோம், அவர்கள் வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்குகிறார்கள். இப்போது விதையை மாற்றிக்கொள்கிறோம். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் போகும்போது என் மிளகாய்க்குத் தண்ணீர் விடுவது அவர்தான். அந்த 25 நாளும் இங்கே தோட்டம் ஆளைத் தேடும் காலம். அவர் ஜமெய்க்கா போகும் மார்கழி, தை மாதங்களில் அவருடைய கொட்டிலையும் வலையையும் நான் பார்த்துக்கொள்வேன்.

நிலம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாடகை பெரிய செலவில்லை, நேரம்தான் செலவு. எனக்குக் கிழமைக்கு நாலைந்து மணி நேரம் போகிறது. அதை ஒரே சனிக்கிழமையில் செலவழிப்பதைவிட, மூன்று தடவை போய் ஒன்றரை மணி நேரம் நிற்பது மேல். களை சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படும், நத்தை தின்னத் தொடங்கிய அன்றே தெரியும். கோடையில் மூன்று கிழமை போகாமல் விட்டவர்களுக்குக் கவுன்சிலின் எச்சரிக்கைக் கடிதம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பலர் அதோடு கைவிட்டும் விடுகிறார்கள்.

"உடையவன் பாராப் பயிர் ஒரு முழம் கட்டை, தம்பி. வேலை இல்லாட்டிலும் ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வா" என்பார் ஐயா. எட்டுப் பரப்புக்கும் காணி உறுதி வைத்திருந்தவர் அவர். உறுதி கையில் இருந்தும், போய்ப் பார்க்க முடியாத காணியாகவே அது அவர் காலம் முழுவதும் கிடந்தது. என்னிடம் உறுதி இல்லை, வருடா வருடம் ஒரு வாடகைச் சீட்டு மட்டும். ஆனால் நினைத்த நேரம் போகலாம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சீட்டு ஒக்டோபரில் வரும். பணம் கட்டிய அதே கிழமையில், பாத்தி ஓரம் பலகையில் முழங்காலிட்டுப் பூண்டு நடுகிறேன். ஒரு சாண் இடைவெளி, கூர்முனை மேலே. அதற்குக் குளிர் வேண்டும். அது போதிய அளவு பட்டால்தான் பல் பிரிந்து திரளும். கிண்டி எடுக்க அடுத்த ஆடி ஆகும். அதுவரை நான் வந்துகொண்டிருப்பேன்.