கூச்சத்தால் நாட்படும் நோய்: புரோஸ்டேட் அழற்சி

புரோஸ்டேட் என்றதும் முதியவர்களின் நோய் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். முதுமையில் வருவது பெரும்பாலும் அச்சுரப்பியின் பெருக்கம். பாக்டீரியாவால் உண்டாகும் அழற்சியோ இருபது, முப்பது வயதினரையும் விடுவதில்லை. மருத்துவ மாணவன் என்ற முறையில் நான் கவனித்த வரையில், இளைஞர்கள் இதை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆண்டிபயாட்டிக் மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இந்நோயில் அதுவே பெரும் கேடு.

சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த இச்சுரப்பியின் எடை சுமார் 20 கிராம். விந்து நீரின் ஒரு பகுதி இங்குதான் சுரக்கிறது. சிறுநீர்ப் பாதையில் நுழையும் கிருமிகள், பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலி, இதன் நுண்குழல்களுக்குள் புகுந்துவிடுகின்றன.

கடும் அழற்சி திடீரென்று வரும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் வலி, சிறுநீர் எரிச்சல். சிலருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளும். மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பார். அழுத்திப் பிசையக் கூடாது. கிருமி இரத்தத்தில் கலந்துவிடலாம். சிறுநீரையும் தேவையானால் இரத்தத்தையும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்கள். காய்ச்சல் சில நாளில் தணிந்தாலும் மருந்து 2 முதல் 4 வாரம் வரை தொடர வேண்டும்.

அதே கிருமி மீண்டும் மீண்டும் சிறுநீர்த் தொற்றாகத் தலைகாட்டினால் நாட்பட்ட அழற்சியை ஐயுற வேண்டும். இடைப்பட்ட நாள்களில் நோயாளி நன்றாகவே இருப்பார். 1968இல் மியர்ஸ், ஸ்டேமி இருவரும் நான்கு மாதிரிகளைக் கொண்டு இதைக் கண்டறியும் முறையை வகுத்தனர். இன்று பெரும்பாலும் சுரப்பியைப் பிசைவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரு சிறுநீர் மாதிரிகளே போதுகின்றன. பின்னதில் கிருமிகள் பத்து மடங்கு மிகுந்திருந்தால் அவற்றின் இருப்பிடம் தெரிந்துவிடும். ஒன்று சொல்ல வேண்டும்: இவ்விடத்து நாட்பட்ட வலிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிருமி காரணமன்று. சோதிக்காமல் ஆண்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பது வீண்.

கடும் நிலையில் வீக்கத்தால் சுரப்பியின் தடுப்புச் சுவர் தளர்ந்திருக்கும். பல மருந்துகளும் உள்ளே செல்லும். நாட்பட்ட நிலையில் அச்சுவர் இறுகிவிடும். கொழுப்பில் கரையக்கூடிய சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்ற சிலவே ஊடுருவும். அதனால்தான் 4 முதல் 6 வாரம், சில வேளை அதற்கு மேலும் சிகிச்சை நீள்கிறது. சிப்ரோஃப்ளாக்சசினைத் தே தாரிக்கோடு விழுங்காதீர்கள். பாலிலுள்ள கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குதிகால் தசைநாணில் வலி கண்டால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம் வட்டாரத்திற்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. 1912இல் விட்மோரும் கிருஷ்ணசாமியும் இரங்கூனில் கண்டு விவரித்த மெலியோய்டோசிஸ் நோயின் கிருமி மலேசிய, சிங்கப்பூர் மண்ணிலும் நீரிலும் வாழ்கிறது. அது புரோஸ்டேட்டில் சீழ்க்கட்டி உண்டாக்கும். நீரிழிவு உள்ளவர்களே எளிதில் பலியாகிறார்கள். ஸ்கேன் எடுத்துச் சீழை வெளியேற்ற நேரிடலாம். வாரக்கணக்கில் ஊசி மருந்தும், பிறகு மூன்று மாதமேனும் மாத்திரையும் தேவை. ஆகவே நீரிழிவு உள்ளவரோ, சேற்றிலும் மண்ணிலும் வேலை செய்பவரோ இத்தகைய காய்ச்சலோடு போனால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எந்தக் கிருமியைத் தேடுவது என்பது அதைப் பொறுத்தது.