மதகைத் திறக்கும் நொதி

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரியாகவும் வடகிளை கொள்ளிடமாகவும் திருவரங்கத் தீவை அணைத்து ஓடுகின்றன. எக்கிளைக்கு எவ்வளவு நீர் என்பதை மேலணையின் மதகுகளே முடிவு செய்கின்றன. உயிரணுவிலும் இத்தகைய மதகுகள் உண்டு. திருச்சிராப்பள்ளியின் அடுமனைகளில் ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட்டில் ஏறத்தாழ 6000 மரபணுக்கள் உள்ளன. அவை யாவும் ஒரே நேரத்தில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுவதில்லை.

படியெடுத்தலைத் தூண்டும் புரதங்கள் பலவற்றின் செயல், அவற்றின்மீது பாஸ்பேட் ஏறுவதையும் இறங்குவதையும் பொறுத்தது. ஏற்றும் நொதி கைனேஸ். இறக்கும் நொதி பாஸ்படேஸ். இம்மீள்வினையைக் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்சும் 1992இல் நோபல் பரிசு பெற்றனர். எனினும், ஏற்றியதை இறக்கும் எடுபிடியாகவே பாஸ்படேஸை எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் சரியன்று.

ஈஸ்ட் வாழும் ஊடகத்தில் உப்பு மிகுந்துவிட்டது எனக் கொள்வோம். உடனே உயிரணுவுக்குள் கால்சியத்தின் அளவு உயர்கிறது. கால்மோடுலின் என்னும் புரதம் அக்கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, கால்சினியூரின் என்னும் பாஸ்படேஸைச் செயற்படுத்துகிறது. அதுவரை சிஆர்இசட்1 என்னும் புரதம் பாஸ்பேட் சுமையுடன் உட்கருவுக்கு வெளியே நிற்கிறது. கால்சினியூரின் அச்சுமையை இறக்கியதும், அது உட்கருவுக்குள் நுழைந்து டி.என்.ஏ.வில் உரிய இடத்தில் பொருந்துகிறது. சோடியத்தை வெளியேற்றும் புரதத்திற்கான மரபணு படியெடுக்கப்படுகிறது. கால்சினியூரினை இழந்த ஈஸ்ட், உப்பு மிகுந்த சூழலில் வளரத் திணறும்.

பாஸ்பேட்டே கிடைக்காதபோதும் ஈஸ்ட் பல மரபணுக்களை இயக்குகிறது. அவற்றுள் ஒன்று உருவாக்குவது, உயிரணுவின் புறத்தே பாஸ்பேட்டைத் திரட்டித் தரும் மற்றொரு பாஸ்படேஸ் என்பது விந்தையே. இப்பற்றாக்குறையில் ஈஸ்ட்டில் கொழுப்பு சேர்வதைத் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினர் ஆராய்ந்துள்ளனர்.

மனிதரின் வெள்ளையணுக்களிலும் கால்சினியூரின் உண்டு. அங்கு அது நோய் எதிர்ப்புக்குரிய மரபணுக்களைத் தூண்டுகிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு இதுவே இடராகிறது. உடல் புதிய உறுப்பை அயலாகக் கருதித் தாக்கும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகிய மருந்துகள் கால்சினியூரினைத் தடுத்து உறுப்பைக் காக்கின்றன. ஆயினும் எதிர்ப்பாற்றல் குன்றிய அவ்வுடலைப் பூஞ்சைகள் எளிதில் தொற்றுகின்றன. தொற்றும் பூஞ்சைகள் பலவும் கடுஞ்சூழலில் பிழைக்கக் கால்சினியூரினையே நம்பியுள்ளன. மனிதருடையதைத் தீண்டாமல் பூஞ்சையின் கால்சினியூரினை மட்டும் முடக்கும் மருந்தை ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர். இரண்டும் வடிவில் மிக ஒத்திருப்பதால் அத்தேடல் கடினமாக உள்ளது.