முதல் தெரிவை விட்டுக்கொடுக்கலாமா?

மாலையில் பள்ளி விட்டதும், பேராவூரணியைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளுக்கு இடையே கிடக்கும் திடல்களில் சிறுவர்கள் கூடுவார்கள். ஆட்டம் தொடங்குமுன் அணி பிரிக்க வேண்டும். இதற்கென்று நம் சிற்றூர்களில் பழைய முறை ஒன்று உண்டு. அதற்கு ‘உத்தி பிரித்தல்’ என்று பெயர். இருவர் தலைவர்களாக நிற்பர். மற்றவர்கள், திறமையில் ஒத்தவர்களாகப் பார்த்து, இருவர் இருவராகச் சேர்ந்துகொள்வர். சற்று அப்பால் போய்த் தமக்குள் இரகசியமாகப் பெயர் சூட்டிக்கொண்டு வருவர். “சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?” என்று கேட்பர். சூரியன் யார், சந்திரன் யார் என்பது தலைவனுக்குத் தெரியாது. எவன் வந்தாலும் இணையானவனே வருவான். ஆகவே முதலில் கேட்பவனுக்கு இம்முறையில் தனி ஆதாயம் ஒன்றும் இல்லை.

வேறொரு முறையும் உண்டு. காசைச் சுண்டிப் போட்டு, வென்ற தலைவன் தனக்கு வேண்டியவனைப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்வான். அடுத்தவன் அடுத்து அழைப்பான். இங்கே முதல் வாய்ப்புக்குப் பெருமதிப்பு உண்டாகிவிடுகிறது. சில சமயம் கூர்மையான சிறுவன் ஒருவன், “முதலாமவனை நீயே எடுத்துக்கொள், அடுத்த இருவரையும் எனக்குக் கொடு” என்று பேரம் பேசுவதையும் காணலாம். அவன் செய்வது அறிவுடைய செயலா, அன்றா? மேல்நாட்டு விளையாட்டுக் கழகங்கள் கோடிக்கணக்கான பணத்தை முன்வைத்து ஆண்டுதோறும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுவே.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தரையில் சறுக்கி ஆடும் ஆட்டத்தையே குறிக்கும். அங்குள்ள தேசிய ஹாக்கி லீக்கில் புதிய இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ள ‘டிராஃப்ட்’ என்ற வரிசைத் தெரிவு முறை 1963இல் தொடங்கியது. கழகங்கள் வரிசையாக அமர்ந்து, முறை வரும்போது ஒவ்வோர் இளைஞரைத் தெரிவு செய்யும். சென்ற பருவத்தில் தோற்றுப் பின்தங்கிய கழகங்களுக்கு முன்வரிசை இடம் கிடைக்கும். நலிந்தவனுக்கு முதல் கவளம் என்பது இதன் கருத்து. முதலிடம் பெறுவதற்காகவே சிலர் வேண்டுமென்று தோற்றுவிடுவார்களோ என்ற ஐயத்தால், 1995 முதல் முன்னிடங்களைக் குலுக்கல் மூலம் முடிவு செய்கிறார்கள்.

இந்த வரிசை இடத்தை ஒரு கழகம் பிறிதொரு கழகத்துக்குக் கைமாற்றலாம். முதலிடத்தைக் கொடுத்துவிட்டு மூன்றாமிடத்தையும் வேறு சில இடங்களையும் பெறலாம், ஆட்டக்காரர்களையும் பெறலாம். நாம் ஆராயப் புகுவது இந்தப் பண்டமாற்றைத்தான்.

பண்டமாற்று பெரும்பயன் அளித்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் காண்போம். 1991ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் நகரக் கழகம் முதல் தெரிவில் எரிக் லிண்ட்ராஸ் என்ற இளைஞரை எடுத்தது. ஈடு இணையற்றவர் என்று அக்காலத்தில் புகழப்பட்டவர் அவர். ஆனால் அக்கழகத்துக்கு ஆட அவர் மறுத்துவிட்டார். கியூபெக் வேறு வழியின்றி, 1992இல் அவரைப் பிலடெல்பியாக் கழகத்துக்குக் கொடுத்தது. ஈடாக வந்தவை ஆறு ஆட்டக்காரர்கள், இரண்டு முதற்சுற்றுத் தெரிவிடங்கள், ஒன்றரைக் கோடி டாலர். அந்த அறுவருள் ஒருவர் சுவீடன் நாட்டு பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். கிடைத்த தெரிவிடங்களில் ஒன்றைக்கொண்டு ஒரு கோல்காப்பாளரை எடுத்தனர். பின்னர் அவரையும் வேறு சிலரையும் கொடுத்து, பாட்ரிக் ருவா என்ற மிகச் சிறந்த கோல்காப்பாளரைப் பெற்றனர். 1995இல் அக்கழகம் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்து கொலராடோ என்ற பெயர் பூண்டது. மறு ஆண்டே ஸ்டான்லி கோப்பையை வென்றது. 2001இல் மீண்டும் வென்றது. லிண்ட்ராஸும் வெறும் புகழுரைக்கு உரியவர் அல்லர். 1995இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றார். எனினும் தலையில் பலமுறை அடிபட்டு அவருடைய ஆட்டம் குன்றியது. அவர் கையில் அக்கோப்பை ஒருபோதும் வந்து சேரவில்லை.

இதை மட்டும் கேட்டவர், ‘முதலிடத்தை எப்போதும் விற்றுவிடுக’ என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே மறுபக்கத்தையும் பார்ப்போம். 2003இல் புளோரிடாக் கழகத்துக்கு முதலிடம் கிடைத்திருந்தது. அதை அது பிட்ஸ்பர்க் கழகத்துக்குக் கொடுத்து மூன்றாமிடத்துக்கு இறங்கியது. கூடுதலாக அதற்குக் கிடைத்தவை 55ஆவது இடமும் ஓர் ஆட்டக்காரருமே. பிட்ஸ்பர்க் முதலிடத்தில் மார்க் ஆந்த்ரே ஃப்ளூரி என்ற கோல்காப்பாளரை எடுத்தது. அவர் இருந்த காலத்தில் அக்கழகம் 2009, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது. இரண்டாமிடத்தில் கரோலினாக் கழகம் எடுத்த எரிக் ஸ்டால் 2006இல் கோப்பை வென்ற அணியில் முன்னின்றார். புளோரிடா எடுத்த நேத்தன் ஹார்ட்டன் நல்ல ஆட்டக்காரரே. ஆயினும் அவர் அங்கே ஆடிய ஆண்டுகளில் அக்கழகம் ஒருமுறைகூட இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. 55ஆவது இடத்தில் வந்தவர் பெரிய ஆட்டக்காரராக வளரவுமில்லை.

ஒரே வகைப் பண்டமாற்று ஓரிடத்தில் வாழ்வளித்தது. மற்றோரிடத்தில் ஏமாற்றம் அளித்தது. காரணம் என்ன? கியூபெக் பெற்ற விலை பெரிது. புளோரிடா பெற்ற விலை சிறிது. ‘விற்கலாமா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘என்ன விலைக்கு?’ என்ற கேள்வியும் உடன் வரவேண்டும்.

சரியான விலையை எவ்வாறு அறிவது? கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு அறிஞர்கள் அமெரிக்கக் கால்பந்தாட்டத் தெரிவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தேலர் பின்னர் 2017இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர். ஒரே நிலையில் ஆடும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் முன்னே தெரிவானவர். மற்றவர் அவருக்கு அடுத்துத் தெரிவானவர். முன்னவரே மேலாக விளங்கும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு ஏறத்தாழ 52 என்பது அவர்கள் கண்ட விடை. காசைச் சுண்டிப் போட்டால் தலை விழும் வாய்ப்பு 50. வல்லுநர்கள் பல மாதம் முயன்று பெற்ற அறிவு, அடுத்தடுத்த இருவரிடையே வேறுபாடு காண்பதில் அவ்வளவுதான் உதவியது! ஆயினும் கழகங்கள் முன்னிடத்துக்கு மிகப் பெரிய விலை கொடுத்து வந்தன. தம் கணிப்பின்மீது அவர்களுக்கு இருந்த அளவு மீறிய நம்பிக்கையே காரணம் என்று அவ்வறிஞர்கள் கூறினர்.

இது பேராவூரணி உழவருக்குப் புதிய செய்தி அன்று. தென்னை நாற்றங்காலில் கன்று தெரிவு செய்வதற்கு உரிய அடையாளங்கள் உண்டு. விரைவில் முளைத்திருக்க வேண்டும். கழுத்துப் பகுதி தடித்திருக்க வேண்டும். ஓலை விரைவில் பிரிந்திருக்க வேண்டும். இவற்றைக்கொண்டு நலிந்த கன்றுகளை ஒதுக்கிவிடலாம். ஆனால் நல்ல கன்றுகள் பத்தில், ஆறேழு ஆண்டு கழித்து எது மிகுதியாகக் காய்க்கும் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்வதில்லை. இடையில் வறட்சி வரலாம், புயலும் வரலாம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அடித்தபோது, நன்கு காய்த்துக்கொண்டிருந்த மரங்களே வேரோடு சாய்ந்ததை இப்பகுதி கண்டது. பதினெட்டு வயது இளைஞரின் எதிர்காலமும் அத்தகையதே. கழிக்கத் தக்கவரைக் காண்பது எளிது. நல்லவர்களுள் முதல்வரைக் காண்பது அரிது.

நம் நாட்டிலும் இத்தகைய வரிசைத் தெரிவு நடந்ததுண்டு. 2008இல் இளையோர் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியினரை, ஐ.பி.எல். கழகங்கள் இம்முறையில் பகிர்ந்துகொண்டன. முதல் வாய்ப்புப் பெற்ற டெல்லி, தன்னிடம் மட்டையாளர்கள் போதிய அளவு இருக்கிறார்கள் என்று எண்ணி, பிரதீப் சாங்வான் என்ற பந்து வீச்சாளரை எடுத்தது. டெல்லியின் சொந்தப் பிள்ளையும் அவ்வணியின் தலைவருமான விராட் கோலி பெங்களூருக்குப் போனார். முதல் வாய்ப்பு என்பது தெரிவு செய்யும் உரிமை மட்டுமே; சிறந்த ஆட்டக்காரர் அதனோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

நம் ஹாக்கியில் ஏலமுறையே வழங்குகிறது. ஆனால் கேள்வி அதேதான். 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில், ஆடவர் அணி ஒவ்வொன்றும் 4 கோடி ரூபாய்க்குள் 24 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. பஞ்சாபின் சூர்மா கழகம், இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்குக்கு மட்டும் 78 லட்சம் கொடுத்தது. எஞ்சிய 23 பேருக்குச் சராசரி 14 லட்சமே மீந்தது. அக்கழகம் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியை வென்று மூன்றாமிடம் பெற்றது. எனவே அதன் முடிவைப் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. கோப்பையை வென்ற வங்காள அணியும் அபிஷேக் என்பவருக்கு 72 லட்சம் கொடுத்திருந்தது. ஆனால் 2025 பிப்ரவரியில் ரூர்கேலாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து வெற்றி தேடித் தந்தவர், 48 லட்சத்துக்கு எடுக்கப்பட்ட ஜுக்ராஜ் சிங்.

தஞ்சை மாவட்டத்து இளைஞர்களுக்கு நெருக்கமான கபடியிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். 2022 ஆகஸ்டில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத் என்ற வீரரை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை புரோ கபடி ஏலத்தில் எவருக்கும் அவ்வளவு தொகை கொடுக்கப்பட்டதில்லை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. பருவம் முழுவதும் அவரால் களம் இறங்க இயலவில்லை. அணி அழிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் நரேந்தர் என்ற புதிய இளைஞர் பாடிச் சென்று 240க்கும் மேற்பட்ட புள்ளிகளைக் குவித்தார். உடன் இருந்த இளைஞர்களும் தோள் கொடுத்தனர். தலைவாஸ் அணி தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது அந்த ஆண்டில்தான். ஒருவரிடம் முழு நம்பிக்கையையும் வைப்பதில் உள்ள இடர் எது, பலரை வளர்ப்பதில் உள்ள காவல் எது என்ற இரண்டையும் ஒரே பருவம் காட்டிவிட்டது.

இனி நம் முடிவைச் சொல்லலாம். முன்னிடத்தை விட்டுக்கொடுக்குமுன் கழகம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது, வரிசையில் முதலில் நிற்பவருக்கும் அடுத்து நிற்பவர்களுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? 2005இல் பிட்ஸ்பர்க் முதலிடத்தில் எடுத்த சிட்னி கிராஸ்பியைப் போன்ற ஒருவர் நின்றால், எந்த விலைக்கும் இறங்கலாகாது. இரண்டாவது, கிடைக்கும் விலை போதுமானதா? மூன்றாவது, கூடுதலாக வரும் இளைஞர்களைப் பயிற்றி ஆளாக்கும் பொறுமையும் ஆசிரியரும் நம்மிடம் உண்டா? வளர்க்கத் தெரியாதவனுக்குப் பத்துக் கன்று கொடுத்தாலும் தோப்பு உண்டாகாது.

இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை கூறினால், பெரும்பாலான ஆண்டுகளில் நல்ல விலைக்கு இறங்கி வருவதே அறிவுடைமை எனத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு கிராஸ்பி வருவதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ‘முதல்வர்’ என்று ஒருவர் இருந்தே தீர்வார். வரிசை என்று ஒன்றை அமைத்தால் அதன் தலையில் ஒருவர் நிற்கத்தானே வேண்டும்? அவ்விடத்தின் உயரத்தை அவருடைய உயரம் என்று மயங்குவதால்தான் கழகங்கள் தவறுகின்றன.

மாணவர்களே, இம்மயக்கம் ஆடுகளத்தோடு நிற்பதில்லை. வகுப்பு வரிசையிலும் மதிப்பெண் பட்டியலிலும் அது நம்மைப் பின்தொடர்கிறது. டெட்ராயிட் ஹாக்கிக் கழகம் 1989இல் நிக்லஸ் லிட்ஸ்டிராமை 53ஆவது இடத்தில் எடுத்தது. 1998இல் பாவெல் டாட்சுக்கை 171ஆவது இடத்தில் எடுத்தது. 1999இல் ஹென்ரிக் செட்டர்பெர்கை 210ஆவது இடத்தில் எடுத்தது. 2008இல் அக்கழகம் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது மூவரும் அதன் தூண்களாக நின்றனர். லிட்ஸ்டிராமுக்கு அது நான்காவது கோப்பை. அவர்களைப் பின்னே தள்ளிய பட்டியலைத் தயாரித்தவர்களும் வல்லுநர்களே.

நாளை மாலை உங்கள் திடலில் அணி பிரிக்கும்போது, கடைசியில் எஞ்சி நிற்கும் சிறுவனைச் சற்றுக் கவனியுங்கள். அவனை அழைக்கும் முறை உங்களுக்கு வந்தால், முகம் சுளிக்காமல் பெயர் சொல்லி அழையுங்கள். ஆட்டத்தில் பந்தையும் அவனிடம் கொடுத்துப் பாருங்கள். அவன் எத்தகையவன் என்பதை எந்த வரிசையும் இன்னும் முடிவு செய்துவிடவில்லை.