எழுத்து சரி, இடைவெளி தவறு!

மாணவர்களே, இப்படி ஓர் அனுபவம் உங்களுக்கும் நேர்ந்திருக்கலாம். பள்ளிக் கணினி அறையில் பைதான் மொழியில் ஒரு நிரல் எழுதுகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் தோழியின் நிரல் ஓடுகிறது, உங்களுடையது ஓடவில்லை. இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டால் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கடைசியில்தான் தெரிகிறது: உங்கள் நிரலில் ஒரு வரி மட்டும் இரண்டு இடம் தள்ளி நிற்கிறது.

நம் கண்ணுக்குத் தப்பிய அந்த வெற்றிடத்தைக் கணினி எப்படிக் கண்டுபிடித்தது?

பலகையா, பல கையா?

இடைவெளி பொருளை மாற்றும் என்பது தமிழருக்குப் புதிதல்ல. ‘பலகை’ என்று சேர்த்து எழுதினால் மரப்பலகை. ‘பல கை’ என்று பிரித்தால் நிறைய கைகள். சேர்த்தால் ஒரு பொருளும் பிரித்தால் வேறு பொருளும் தரும் சொல்லை இலக்கணத்தில் ‘பொதுமொழி’ என்கிறோம்.

நம் கெடாவைக் ‘கடாரம்’ என்று குறிப்பிடும் ராஜேந்திர சோழனின் கல்வெட்டு தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. அந்தக் காலக் கல்வெட்டுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் இல்லை. எழுத்துகள் தொடர்ந்து வரும். எங்கே ஒரு சொல் முடிகிறது என்பதைப் படிப்பவர்தான் கண்டறிய வேண்டும்.

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர் எனப்படும் தொகுப்பி. அது முதலில் செய்வதும் இந்த வேலையைத்தான். எழுத்து எழுத்தாகப் படித்து, சொற்கள், எண்கள், குறிகள் என்று துண்டு துண்டாகப் பிரிக்கிறது. இந்தத் துண்டுகளுக்கு ‘டோக்கன்’ என்று பெயர். டோக்கன் கிடைத்ததும் நடுவில் இருந்த இடைவெளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆனால், எல்லா நேரமும் விட்டுவிட முடியாது.

மூன்று கூட்டல் குறிகள்

ஜாவா, சி மொழிகளில் இந்தக் கணக்கைப் பாருங்கள். அ = 5, ஆ = 3.

அ+++ஆ

‘++’ என்பது ஒன்றைக் கூட்டு என்னும் கட்டளை. இங்கே மூன்று ‘+’ ஒட்டி நிற்கின்றன. எப்படிப் பிரிப்பது? ‘எவ்வளவு நீளமான டோக்கனை எடுக்க முடியுமோ, அவ்வளவையும் எடு’ என்பது கம்பைலரின் விதி. அதன்படி முதல் இரண்டையும் ‘++’ என்று எடுத்துக்கொள்கிறது. ‘அ++ + ஆ’ ஆகிறது. அ-வின் பழைய மதிப்பைப் பயன்படுத்திய பிறகே அதில் ஒன்று கூடும் என்பதால் விடை 8.

அதையே ‘அ + ++ஆ’ என்று இடைவெளி விட்டு எழுதினால், முதலில் ஆ 4 ஆகிறது. விடை 9. எழுத்துகள் அவைதாம். இடைவெளி மாறியதால் விடையும் மாறியது.

இந்த விதி சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு தொல்லையைக் கொடுத்தது. பட்டியலுக்குள் பட்டியல் வைத்து எழுதும்போது கடைசியில் ‘>>’ வரும். அதே ‘>>’ எண்ணின் பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்தும் குறியும்கூட. கம்பைலர் அதை ஒரே டோக்கனாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். அதனால் நிரலாளர்கள் ‘> >’ என்று இடம்விட்டு எழுத வேண்டியிருந்தது. 2011-இல் வந்த புதிய தரநிலைதான் இதைச் சரிசெய்தது.

டோக்கனில் ஒரு சிறு குறிப்பு

இடைவெளியை நினைவில் வைக்க வேண்டிய இடங்களில் கம்பைலர் என்ன செய்கிறது? ஜி.சி.சி. என்ற சி கம்பைலர் ஒவ்வொரு டோக்கனுடனும் ‘இதற்கு முன்னால் இடைவெளி இருந்ததா, இல்லையா’ என்று ஒரு குறிப்பை வைத்துக்கொள்கிறது. நிரலின் ஒரு பகுதியை அப்படியே உரையாக மாற்றும் வசதி சி மொழியில் உண்டு. அப்போது இந்தக் குறிப்பு உதவும். நீங்கள் நடுவில் பத்து இடம் விட்டிருந்தாலும் அது ஒரே ஓர் இடைவெளியாகத்தான் மாறும்.

ரஸ்ட் மொழி எதிர்ப்பக்கமாகப் பார்க்கிறது. நிரலையே உருவாக்கித் தரும் ‘மேக்ரோ’க்களிடம் ‘>>’ போனால், அது இரண்டு தனிக் குறிகளாகவே போகும். முதல் குறியின் மேல் ‘அடுத்ததோடு ஒட்டியது’ என்று எழுதியிருக்கும். ‘> >’ என்று எழுதியிருந்தால் ‘தனி’ என்று இருக்கும்.

இடைவெளியே டோக்கன் ஆனால்?

1991-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைதான் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே பொருள் உண்டு. பைதான் பாணியில் தமிழில் எழுதிப் பார்ப்போம்.

மழை பெய்தால்:
    குடையை எடு
    காற்றும் அடித்தால்:
        மழைக்கோட்டை அணி
பள்ளிக்குப் புறப்படு

பைதான் ஓர் அடுக்கு வைத்திருக்கிறது. தட்டின்மேல் தட்டு அடுக்குவது போல நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது 0. இரண்டாவது வரியில் 4 இடம், முன்னதைவிட அதிகம். உடனே 4-ஐ மேலே வைத்து, ‘உள்ளே செல்’ என்ற டோக்கனைப் போடுகிறது. நான்காவது வரியில் 8. அதையும் மேலே வைக்கிறது. கடைசி வரி 0-க்குத் திரும்புகிறது. 8-ஐயும் 4-ஐயும் எடுத்துவிட்டு, இரண்டு முறை ‘வெளியே வா’ என்ற டோக்கனைப் போடுகிறது.

கடைசி வரிக்கு முன்னால் 6 இடம் விட்டால்? அடுக்கில் 6 இல்லை. பைதான் பிழை காட்டி நின்றுவிடும்.

4 இடம் விட்டால்? பிழையே வராது. ஆனால், மழை பெய்யும் நாளில் மட்டும்தான் நீங்கள் பள்ளிக்குப் புறப்படுவீர்கள்! பிழை காட்டாத தவறுதான் அதிக ஆபத்தானது.

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி வேறு வழியில் போகிறது. ஒரு பகுதி எங்கே முடிகிறது என்பதை அதில் ‘முடி’ என்ற சொல்லே காட்டிவிடும். ஆக, இடைவெளிக்கு எவ்வளவு பொருள் கொடுப்பது என்பது மொழியை வடிவமைப்பவரின் முடிவு.

செய்து பாருங்கள்

பைதானில் ஒரு ‘இஃப்’ கட்டளை எழுதி, அதற்கு அடுத்த வரிகளின் இடைவெளியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எப்போது பிழை வருகிறது, எப்போது விடை மட்டும் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பகுதியில் டேப் பொத்தானையும் ஸ்பேஸ் பொத்தானையும் கலந்து பயன்படுத்தாதீர்கள். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பைதானுக்கு அவை வேறு வேறு. அடுத்த முறை நிரல் ஓடாவிட்டால், எழுத்துகளைப் பார்த்த பிறகு வெற்றிடங்களையும் ஒருமுறை பாருங்கள்.