பிடி ஆட்டக்காரரின் தலை

முட்டுவதே வேலை

அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசைக்காரருக்குப் பந்தோடு ஓடும் வேலை இல்லை. எதிரே நிற்பவரை முட்டித் தள்ளி, பின்னால் இருப்பவரைக் காப்பதே அவருடைய பிழைப்பு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் அப்படி 17 பருவங்கள் ஆடினார். நினைவு தடுமாறி, குடும்பமும் வருமானமும் சிதறி, 2002இல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் வரும் சிதைவை அதில் கண்டு 2005இல் வெளியிட்டார். நம் கபடியில் இந்த வேலைக்கு மிக அருகில் இருப்பவர் பிடி ஆட்டக்காரர். பாடி வருபவர் 30 விநாடிக்குள் தொட்டுத் திரும்பினால் திடலே ஆர்ப்பரிக்கும். அவருடைய கணுக்காலைப் பிடிக்கப் பாயும் கார்னர் ஆட்டக்காரரின் தலையோ, அந்த நொடியில் எதிராளியின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. சங்கிலியாகச் சேர்ந்து பிடிக்கும்போது சொந்த அணிக்காரரின் மண்டையே மோதுவதும் உண்டு.

மயங்கினால்தான் அடியா?

அடிபட்டவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, எழுந்து நின்றதும் முதுகில் தட்டி உள்ளே அனுப்பும் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. ரத்தமோ வீக்கமோ வெளியே தெரியாது, ஸ்கேனிலும் பெரும்பாலும் எதுவும் தென்படாது. ஸ்கோர் மறப்பது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது ஆகியவையே அடையாளம். மூளை தேறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் பாதிப்பு பன்மடங்காகும். வளரும் பிள்ளைகளுக்கு, அரிதாக என்றாலும், மூளை வீங்கி உயிரே போகலாம்.

நம் கபடிக்கு இது பொருந்துமா?

அந்த ஆட்டம் வேறு, நம் ஆட்டம் வேறு என்பார்கள். உண்மைதான். நம் ஆட்டக்காரருக்கு எடையில் உச்சவரம்பு உண்டு. அங்கே 130 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் மோதுகிறார்கள். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்த 111 தொழில்முறை வீரர்களின் மூளைகளில் 110இல் இந்தச் சிதைவு இருந்தது. ஆனால் அவை குடும்பத்தார் தானமாகத் தந்தவை. அறிகுறிகளைப் பார்த்துத் தந்தவர்களே அதிகம் இருந்திருக்கலாம். ஆகவே அந்த விகிதத்தை எல்லா வீரர்களுக்கும் பொதுவாக்கக் கூடாது, கபடிக்கு அப்படியே ஏற்றவும் கூடாது. ஆனால் மூளைக்கு ஆட்டத்தின் பெயர் தெரியாது. அவர்கள் அணிந்த தலைக்கவசம் மண்டை ஓடு உடைவதைத் தடுத்ததே தவிர, உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்கவில்லை. கபடியில் அந்தக் கவசமும் இல்லை.

கபடிதான் இளைஞர்களைக் குடியிலிருந்து காக்கிறது, அதைக் குறை சொல்லலாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் பெயரில் காரைக்குடியில் உடற்கல்விக் கல்லூரியே இயங்கும் வட்டாரம் இது. இங்கே ஆட்டம் வளர வேண்டும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அடிபட்டவரை அன்றைக்கு நிறுத்தச் சொல்கிறேன். ஓர் அணியில் 12 பேர், களத்தில் 7 பேர். மற்ற 5 பேர் வெளியே காத்திருப்பதே இதற்குத்தானே.

திடலில் செய்ய வேண்டியது

போட்டி நடத்துவோர், எந்த அணியையும் சேராத ஒருவருக்கு ஆட்டக்காரரை வெளியேற்றும் அதிகாரம் கொடுங்கள். சந்தேகம் வந்தாலே போதும், அன்று மீண்டும் இறக்காதீர்கள். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு நடை, ஓட்டம், தனிப் பயிற்சி என்று படிப்படியாக ஏறி, மருத்துவர் சொன்ன பிறகே பிடிக்குப் போகலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, கைகால் தளர்ச்சி, இவற்றில் ஒன்று கண்டாலும் 108ஐ அழையுங்கள். முதல் இரவு அவரைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.