சேரியும் செங்கொடியும்: கீழத்தஞ்சையில் பண்ணையாள் சங்கம் கட்டப்பட்ட முறை

கீழத்தஞ்சை விவசாயிகள் இயக்கம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் அடக்குமுறையையும் உயிரீகத்தையும் மையப்படுத்துகின்றன. சாதிக்கட்டும் நிலவுடைமையும் ஒன்றையொன்று தாங்கி நின்ற ஊர்களுக்குள் பொதுவுடைமையர் எதைப் பற்றிக்கொண்டு நுழைந்தனர் என்னும் வினா பின்தள்ளப்பட்டுள்ளது. அவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் வட்டாரங்களில் நிலம் பெருமளவு மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் குவிந்திருந்தது. வயலில் உழைத்தோருள் பெரும்பாலோர் பள்ளரும் பறையருமான பண்ணையாட்கள். அவர்கள் ஊருக்குப் புறத்தே சேரியில் ஒதுக்கப்பட்டிருந்தனர். தீண்டாமை வகுத்த இந்த ஒதுக்கமே சங்கத்திற்கு வாய்ப்பாகவும் அமைந்தது. மிராசுதார் கால் வைக்காத இடத்தில் இரவுக் கூட்டம் நடத்த இயன்றது. இந்நகைமுரண் ஆய்வுலகில் போதிய கவனம் பெறவில்லை.

கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் 1943இல் இங்கு வந்து சேரிகளில் தங்கி, அம்மக்களோடு உண்டு பணியாற்றினார். பிராமணக் குடியில் பிறந்த ஒருவர் அவ்வாறு வாழ்ந்ததே எந்தத் துண்டறிக்கையையும்விட அழுத்தமான பரப்புரையாயிற்று. களப்பாலில் தொடங்கிய சங்கம் நிலப்பங்கீட்டை முதற்கோரிக்கையாக முன்வைக்கவில்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும், கூலி நெல்லை முத்திரை மரக்காலால் அளக்க வேண்டும் என்றே கேட்டது. உடலின் மானமும் அளவையின் நேர்மையும் கூலி உயர்வுக்கு முன் வந்தன. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் கைவிட மிராசுதார்கள் இசைந்தபோது, சங்கத்தின் சொல் செல்லும் என்ற நம்பிக்கை சேரிகளில் வேரூன்றியது.

சங்கம் புதிய அமைப்பு ஒன்றை மேலிருந்து கொண்டுவந்து பொருத்தவில்லை. நாட்டாண்மையும் தெருக்கூட்டமும் ஏற்கெனவே இருந்தன. பல இடங்களில் அவையே கிளைச் சங்கமாக இயங்கின. தண்டம் விதிக்கும் பழைய அதிகாரம் வேலைநிறுத்தக் கட்டுப்பாட்டிற்குப் பயன்பட்டது. வர்க்க அமைப்பு சாதி அமைப்பின் எலும்புக்கூட்டின் மேல் வளர்ந்தது எனலாம். இதன் வலிமை வெளிப்படை. குறையும் அதிலேயே இருந்தது: பிற சாதிக் குத்தகைதாரர்களும் சிறு உழவர்களும் சங்கத்தைச் 'சேரிச் சங்கம்' எனக் கண்டு விலகி நிற்க இடமிருந்தது.

மாவட்டம் முழுதும் ஒரே நிலை இல்லை. 1950களின் தொடக்கத்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் கேத்லீன் கோஃப், மேற்குப் பகுதிக் கும்பபேட்டையையும் கிழக்குப் பகுதிக் கிரிப்பூரையும் ஒப்பிடுகிறார் (இவை அவர் இட்ட புனைபெயர்கள்). முன்னதில் அக்கிரகாரத்தின் பிடி தொடர்ந்தது. பின்னதில் சங்கம் வலுப்பெற்றிருந்தது.

1952இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயக்கத்தின் அழுத்தமின்றிப் பிறந்திருக்காது. ஆனால் பாதுகாப்பு பண்ணையாளுக்கே உரியது என்பதால், நிலக்கிழார்கள் பண்ணையாட்களை விடுவித்துத் தினக்கூலிக்கு மாறினர். பரம்பரைத் தளை தளர்ந்தது. வேலை உறுதியும் உடன் போயிற்று. எனவே 1960களில் போராட்டக் களம் அறுவடைக் கூலிக்கும் வெளியூர் ஆட்களை இறக்குவதற்கும் நகர்ந்தது. நெல் உற்பத்தியாளர் சங்கம் என மிராசுதார்களும் அணிதிரண்டனர். செங்கொடியை இறக்கித் தம் சங்கத்தில் சேருமாறு அவர்கள் வற்புறுத்தியதை, கூலித் தகராறாக மட்டும் படிக்க இயலாது. கூலியைப் பேசி முடிக்கலாம். சேரி தனக்கென ஒரு கொடி வைத்துக்கொள்வதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1973இல் உயர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது.