120 நாள் ஆயுள்!

நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துகிறோம். நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பு அணுவுக்கோ ஆயுள் சுமார் 120 நாட்கள்தாம்! எலும்பு மஜ்ஜையில் பிறந்து, பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து, கிழடு தட்டியதும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் அது சிதைக்கப்படுகிறது. விநாடிக்குச் சுமார் 20 லட்சம் அணுக்கள் மடிய, அத்தனையும் புதிதாய்ப் பிறக்கின்றன.

பழைய பித்தளையைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கும் இல்லத்தரசியைப்போல், உடலும் மகா சிக்கனம். சிதைந்த அணுவின் இரும்பை எடுத்துப் புது அணுவுக்குக் கொடுத்துவிடுகிறது. தினம் வேண்டிய 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பில் பெரும்பகுதி இப்படிக் கிடைப்பதே. உணவிலிருந்து சேருவது 1, 2 மில்லிகிராம்தான்.

ஆனால், மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ரத்தத்தோடு இரும்பும் போய்விடுகிறதே! 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்த சோகை.

ஆகவே சகோதரிகளே, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்பது போதாது. கீரையும் பயறும் உங்கள் இலையிலும் விழட்டும். ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி வேண்டாம். சேருகிற இரும்பை அது தடுத்துவிடும். களைப்பும் மூச்சிரைப்பும் தொடர்ந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.